புதுக்குப்புறம்

அங்காடி என்பது பழந்தமிழ்ச் சொல். பகலிற் கூடுவது நாளங்காடி. இரவிற் கூடுவது அல்லங்காடி. நாம் அச்சொல்லைப் பெரும்பாலும் ஏட்டளவில் நிறுத்திவிட்டுச் சந்தை என்றும் கடைத்தெரு என்றும் பசார் என்றும் வழங்குகின்றோம். மலையாளத்தாரும் கன்னடத்தாரும் தெலுங்கரும் அதனைச் சிறு வேறுபாட்டோடு இன்றும் நாவிலே வைத்திருக்கின்றனர். சொல் எதுவாயினும் ஆகுக. பண்டம் விற்கும் இடம் மாத்திரம் அங்காடி அன்று. மனிதர் மனிதரைக் காண வரும் இடம் அங்காடி.

காவிரிப்பூம்பட்டினத்து நாளங்காடி, மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே மரங்கள் செறிந்த சோலையில் இருந்ததாகச் சிலப்பதிகாரம் காட்டும். அந்நகரத்துப் பெருவிழா இந்திரவிழா. இருபத்தெட்டு நாள் நிகழும் அவ்விழாவுக்கு முன்னர் முரசறைவோன் நகரத்தார்க்கு அறிவிப்பனவற்றை மணிமேகலையின் விழாவறை காதை விரிக்கின்றது. அவன் கொடிகளை எடுக்கச் சொல்கின்றான். வீதிகளிலும் மன்றங்களிலும் கிடக்கும் பழைய மணலை நீக்கிப் புதிய மணலை இடச் சொல்கின்றான். வாதம் செய்ய வல்லவரைப் பட்டிமண்டபம் ஏறச் சொல்கின்றான். சினமும் பூசலும் வேண்டா என்கின்றான்.

இக்காதையைப் பாடமாக ஓதிய மாணவர் பலர். அதனை ஒரு நகரத் திட்டமாக எண்ணிப் பார்த்தவர் சிலரே. முரசறைவோன் மன்றத்தை இடிக்கச் சொல்லவில்லை. கடை வைத்திருப்போரை எழுப்பச் சொல்லவில்லை. மணலை மாற்றச் சொல்கின்றான். விழாத்தோறும் மணல் மாறுகின்றது; நகரம் புதிதாகின்றது.

அங்காடி ஏன் பழசாகின்றது? பழசானதைப் புதுக்குவது எங்ஙனம்? இவ்விரு வினாக்களும் இன்று நம் கிழக்குக் கரைக்கு மிகவும் வேண்டியவை. அவற்றுக்கு விடை காணச் சற்றுத் தொலைவு சென்று மீள்வோம்.

அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி என்பார் 1955இல் கலிபோர்னியா மாநிலத்து அனஹைம் நகரிலே ஒரு கேளிக்கைப் பூங்காவைத் திறந்தார். டிஸ்னிலேண்ட் என்பது அதன் பெயர். அதற்கென அவர் வாங்கிய நிலம் ஏறத்தாழ 160 ஏக்கர். பூங்கா பெரும்புகழ் பெற்றது. புகழ் பெற்றவுடன் வேலிக்கு வெளியே விடுதிகளும் உணவுக்கடைகளும் முளைத்தன. பூங்காவுக்கு வந்தவர்கள் பூங்காவில் விளையாடினார்கள். வெளியே உண்டார்கள், உறங்கினார்கள். பணத்திற் பெரும்பங்கு வேலிக்கு வெளியே சென்றது. இதைக் கண்ட டிஸ்னி, புளோரிடா மாநிலத்தில் இரண்டாவது பூங்காவுக்கு நிலம் வாங்கும்போது ஏறத்தாழ 27,000 ஏக்கர் வாங்குவித்தார். இனி வேலிக்கு வெளியிலும் தம் நிலமே இருக்கவேண்டும் என்பது கருத்து. 1966இல் அவர் மறைந்தார். 1971இல் அப்பூங்கா திறக்கப்பட்டது.

பூங்காவை அடுத்து 1975இல் ஏரிக்கரையோரமாக ஓர் அங்காடியை அந்நிறுவனத்தார் அமைத்தனர். அங்கே கடைகளும் உணவகங்களும் இருந்தன. அதன் பிற்கால வரலாறு பெயர் மாற்றங்களின் வரலாறாகவே இருக்கின்றது. 1977இல் ஒரு பெயர். 1989இல் வேறொரு பெயர். அதே 1989இல் இரவுக் களியாட்ட மன்றங்கள் நிறைந்த 'பிளெஷர் ஐலண்ட்' என்ற பகுதி பக்கத்திலே எழுந்தது. அங்கே பல ஆண்டுகள் ஒவ்வோர் இரவையும் புத்தாண்டு இரவாகக் கொண்டாடினர். நள்ளிரவில் வாணவேடிக்கை, மறுநாள் நள்ளிரவிலும் அதுவே. நாள்தோறும் வரும் புத்தாண்டு எத்துணை நாள் புதிதாக இருக்கும்? 2008இல் அம்மன்றங்களை ஒருங்கே மூடினர். அதற்குள் அங்காடி முழுவதும் 'டவுன்டவுன் டிஸ்னி' என்று மற்றொரு பெயரைப் பெற்றிருந்தது.

அவ்வங்காடியின் மேற்குப் பகுதியிலே 1998இல் ஐந்து மாடி கொண்ட விளையாட்டகம் ஒன்று தோன்றியது. அது கணிப்பொறிப் படங்களால் மெய்போலக் காட்டும் விளையாட்டுகள் நிறைந்தது. தோன்றிய நாளில் அது புதுமையின் எல்லை. பிறகு வீட்டுக்கு வீடு கணிப்பொறி வந்தது. கைக்குக் கைபேசி வந்தது. 2017இல் அவ்விளையாட்டகத்தை மூடினர். அவ்விடத்தில் 2019இல் கூடைப்பந்தாட்ட விளையாட்டகம் ஒன்றைக் கட்டினர். மறு ஆண்டே பெருந்தொற்று வந்தது. அது மூடியது மூடியபடியே முடிந்தது. புதுமை ஒன்றையே முதலாக இட்டு நடத்தும் வணிகம் புதுமை தீர்ந்த அன்றே முதலையும் இழக்கின்றது. இது நாம் கொள்ளவேண்டிய முதற்பாடம்.

2013இல் அந்நிறுவனத்தார் முழுமையான புதுக்குதலை அறிவித்தனர். 2015இல் 'டிஸ்னி ஸ்பிரிங்ஸ்' என்ற பெயர் வந்தது. 2016இல் நடுப்பகுதி திறக்கப்பட்டது. இம்முறை அவர்கள் செய்தவற்றுட் சில கருதத் தக்கவை. வாகனங்களைப் பெரிய மாடிக்கட்டடங்களில் நிறுத்தச் செய்து, தரையை நடப்போர்க்கு விட்டனர். நடைவழியருகே நீர்நிலை அமைத்தனர். நிழலும் இருக்கையும் கூட்டினர். பல இடங்களிலிருந்து தேர்ந்த சமையற்காரரை அழைத்து உணவகங்கள் வைக்கச் செய்தனர். இவற்றோடு ஒரு கதையும் கட்டினர். ஊற்று ஒன்றைச் சூழ்ந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றி வளர்ந்த பழைய புளோரிடா ஊர் இது என்பது கதை. ஊற்றும் செய்த ஊற்று. ஊரும் செய்த ஊர். ஆயினும் அக்கதையிலே ஓர் உண்மை ஒளிந்திருக்கின்றது. உலகிலே மிகுந்த பொருள் படைத்த கேளிக்கை நிறுவனத்தார் தம் அங்காடிக்குப் பொலிவு தர விரும்பியபோது, பழைய ஊர் என்ற தோற்றத்தையே விலைகொடுத்துச் செய்துகொண்டனர். நாம் கையிலே மெய்யான பழைய ஊரை வைத்துக்கொண்டு அதனைப் பொய்யான புதிய ஊராக்கத் துடிக்கின்றோம்.

கலிபோர்னியாவிலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. அனஹைம் பூங்காவை ஒட்டிய அங்காடி 2001இல் திறக்கப்பட்டது. அதன் மேற்கு முனையிலே விடுதி ஒன்று கட்டப்போவதாகச் சொல்லி, 2018இல் திரையரங்கையும் சில பெரிய உணவகங்களையும் மூடினர். அவ்வாண்டு முடிவதற்குள் விடுதித் திட்டம் கைவிடப்பட்டது. மூடிய திரையரங்கு சில ஆண்டுகள் வெறுமையாய் நின்று 2022இல் இடிக்கப்பட்டது. பின்னரே அவ்விடத்தில் புல்வெளியும் புதிய உணவகங்களும் வந்தன. வருவது உறுதியாகுமுன் இருப்பதை எழுப்பாதே என்பது இரண்டாம் பாடம். செல்வம் மிக்க நிறுவனம் அவ்விழப்பைத் தாங்கிக்கொள்ளும். ஒற்றைக் கடையை நம்பி வாழும் குடும்பம் ஒரு மாத இழப்பையும் தாங்காது.

இனி நம் நாட்டுக்கு மீள்வோம். கொழும்புக் கோட்டையில் ஒல்லாந்தர் வைத்தியசாலை என்ற கட்டடம் உண்டு. அது பதினேழாம் நூற்றாண்டில் எழுந்தது. தடித்த சுவர், தேக்கு உத்தரம், ஐந்து பிரிவுகள், நடுவே இரண்டு முற்றங்கள். பிற்காலத்தில் அது பொலிஸ் நிலையமாகவும் இருந்தது. 1996இல் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் சேதமுற்றது. அதனைப் பழுதுபார்த்து 2011 டிசம்பரிலே கடைகளும் உணவகங்களும் உடைய இடமாகத் திறந்தனர். சுவரை மாற்றவில்லை, முற்றத்தை மூடவில்லை. பக்கத்து அலுவலகங்களில் வேலை செய்வோர் நண்பகலிலும் மாலையிலும் நடந்தே வரக்கூடிய தொலைவு. அது நிலைத்தது.

மூன்றாண்டு கழித்து 2014இல் புறக்கோட்டை பெஸ்டியன் மாவத்தையருகே, பேரே வாவியோடு சேர்ந்த நீர்ப்பரப்பில் மிதக்கும் சந்தை திறக்கப்பட்டது. மரப்பாலங்கள், நீர்மேற் கடைகள், விளக்கொளி யாவும் அமைந்தன. திறந்த நாட்களில் கூட்டம் நெருக்கியது. சில ஆண்டுகளில் நீர் நாறியது, பலகைகள் சிதைந்தன, கடைகள் பல மூடின. அதனைக் கட்டியவர் அழகுணர்ச்சி இல்லாதவர் அல்லர். நீரைச் சந்தைக்கு அணியாக்கியவர்கள், அந்நீர் நாளும் தூய்மையாக இருத்தல் வேண்டும் என்பதையும் சந்தையின் ஒரு பகுதியாக எண்ணியிருத்தல் வேண்டும். கட்டுவதற்கு ஒருமுறை பணம் போதும். காப்பதற்கு ஆண்டுதோறும் பணம் வேண்டும்.

இவ்விடத்திலேதான் தலைப்பில் வைத்த சொல் உதவிக்கு வருகின்றது. தமிழகத்துக் கல்வெட்டுக்களிலே 'புதுக்குப்புறம்' என்றொரு சொல் வழங்குகின்றது. கோயில் பழுதுற்றால் புதுக்குவதற்கென்று விடப்பட்ட நிலம் புதுக்குப்புறம். அதன் விளைவு வேறெதற்கும் ஆகாது. ஏரியைக் காப்பதற்கென்று விட்ட நிலத்துக்கு ஏரிப்பட்டி என்பது பெயர். உத்தரமேரூர்ச் சபையில் ஏரியை மேற்பார்க்கவே ஏரிவாரியம் என்று ஒரு குழு இருந்தது. கல்லிலே கட்டிய கோயிலும் பழுதுறும் என்று பழையோர் அறிந்திருந்தனர். அறிந்ததனாலே, புகழ்தரும் திருப்பணிக்குப் பொருள் கொடுத்ததோடு அமையாது, புகழ்தராத பழுதுபார்ப்புக்கும் பொருள் ஒதுக்கினர். நாம் திறப்புவிழாவுக்குப் பொருள் ஒதுக்குகின்றோம். கல்வெட்டும் நாட்டுகின்றோம், அக்கல்வெட்டிலே திறந்தவர் பெயர் உண்டு, புதுக்குப்புறம் இல்லை.

கொழும்புக் காலிமுகத்திடலிலே தேசாதிபதி வார்ட் நாட்டிய கல் ஒன்று நிற்கின்றது. 1859இல் அத்திடலின் நடைவழி நிறைவெய்தியதைக் கூறி, கொழும்பு மகளிர், சிறுவர் நலன் கருதி அதனைப் பின்வரும் தேசாதிபதிகளிடம் ஒப்படைப்பதாக அது அமைந்துள்ளது. அறம் காத்தவரைப் போற்றும் நம் பழைய கல்வெட்டுக்களின் முடிவை அது நினைவூட்டும். இன்றும் மாலைதோறும் அங்கே பட்டம் பறக்கின்றது, இறால்வடை விற்கின்றது. பின்வருவோரை எண்ணிச் செய்த செயல் பின்வருவோரால் நிலைக்கின்றது.

சிறு வியாபாரிகளை வைத்துக்கொண்டு ஊரை எப்படி அழகாக்குவது என்று ஒரு சாரார் வினவுவர். அவ்வினாவிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சென்னைத் தியாகராய நகரில் பாண்டி பசார் என்னும் வீதியை அறியாதார் அரியர். அங்கே நடைபாதையைக் கடைகள் நிரப்பியதால் நடப்போர் நடுவீதியில் இறங்கி நடந்தனர். 2013இல் நடைபாதை வணிகரை மாடிக்கட்டடம் ஒன்றுக்கு மாற்றினர். மக்கள் படியேறி வருவதில்லை என்று வணிகர் முறையிட்டனர். 2019 நவம்பரிலே அவ்வீதி அகன்ற நடைதளமாகத் திறக்கப்பட்டது. நடப்போர்க்கு நன்மை விளைந்தது என்பதை மறுக்கலாகாது. ஆனால் நடைபாதைக் கடை நடப்பவனுடைய கண்ணையும் காலையும் நம்பியது. மாடிமேல் வைத்த பூக்கூடையைத் தேடிப் படியேறுவார் எத்துணைப் பேர்? இடம் கொடுத்தால் மட்டும் போதாது. வழிமேல் இடம் கொடுத்தல் வேண்டும்.

இப்போது நம் கரைக்கு வருவோம். இங்கே கேளிக்கைப் பூங்கா ஏது என்று வாசகர் நகைக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை உண்டு. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியிலே நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாகக் கொடி ஏறும்போது பன்னிரண்டு நாளைக்கு அங்காடி எழுகின்றது. மிட்டாய்க்கடை, விளையாட்டுச் சாமான் கடை, வளையற்கடை, தேநீர்க்கடை எல்லாம் கடற்கரை மணலிலே தோன்றுகின்றன. தாய்மார் பிள்ளைகளோடு வருகின்றனர். முதியோர் முதியோரைக் காண்கின்றனர். கொடி இறங்கியதும் கடைகளும் இறங்குகின்றன. மறு ஆண்டு அதே இடத்தில் எழும்போது அவ்வங்காடி பழசாகத் தோன்றுவதில்லை. புகாரின் முரசறைவோன் சொன்னதை எவரும் சொல்லாமலே இம்மக்கள் செய்கின்றனர். நிலையான கட்டடம் நாட்படப் பழகிப்போகும். மக்கள் தம் கையால் எழுப்பி, இறக்கி, மீண்டும் எழுப்பும் அங்காடி புதிதாகவே இருக்கும்.

ஒலுவிலுக்கு வேறு செல்வங்களும் உண்டு. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி 1996இல் பல்கலைக்கழகமாயிற்று. தூரத்து ஊர்களிலிருந்து வந்து தங்கிப் பயிலும் மாணவர்க்கு ஊர்க்கடை உணவு வேண்டும். மாலையில் உலாவ ஓரிடம் வேண்டும். வெளிச்சவீடு உண்டு. களியோடை ஆறு உண்டு. கடற்கரை உண்டு. 2013 செப்டெம்பரிலே திறந்த துறைமுகமும் உண்டு.

அத்துறைமுகத்தின் கதையை இவ்வூரார் நன்கறிவர். வாயிலை மணல் வந்து அடைத்தது. படகுகள் வெளியேற வழியின்றி நின்ற காலங்கள் உண்டு. வடபால் கரை அரிக்கப்பட்டது; தென்னைகள் கடலிற் சாய்ந்தன. மணல் இக்கரையிலே இயற்கையாக ஓடும் பொருள். ஓரிடத்தில் தடுத்தால் அங்கே குவியும். அப்பால் உள்ள கரை அது கிடையாமல் தேயும். ஆகவே இங்கே துறைமுகம் கட்டுதல் ஒரு பணி. மணல் அகற்றுதல் ஓயாத பணி. பழைய மணலை நீக்குக என்ற முரசு புகாருக்கு விழா முரசு. ஒலுவிலுக்கு அது வயிற்றுப்பாட்டு முரசு. விழாவை மறந்ததனாலே புகாரைக் கடல் கொண்டது என்று மணிமேகலை கூறும். 2004 டிசம்பர் 26இல் நம் கரையிலே புகுந்த கடலுக்கு எவர் மறதியும் காரணம் அன்று; அது நிலத்தின் அடியிலே நிகழ்ந்த அதிர்ச்சி. ஆனால் மணல் அடைத்த வாயில் மறதியின் பயன் என்று சொல்லுதல் பிழையாகாது.

இன்னும் சில காலத்தில் இக்கரைக்கும் உல்லாசப் பயணத் திட்டம் ஏதேனும் வரலாம். கடலோரக் கடைத்தொகுதி, உணவகங்கள், சிறுவர் பூங்கா என்று வரைபடங்கள் வரலாம். வருவது நன்றே. அவ்வேளையிலே ஊரார் கேட்கவேண்டிய வினாக்களை இன்றே எழுதி வைத்தல் தகும்.

இப்போது அங்கே கடை வைத்திருப்போர்க்குப் புதிய இடத்தில் முதலுரிமை உண்டா? கட்டி முடியும்வரை அவர்கள் எங்கே விற்பார்கள்? நிழல்மரம் எத்தனை நடப்படும்? வெயில் கொளுத்தும் இக்கரையிலே நிழல் இல்லாத அங்காடி அந்திவரை வெறுமையாகவே கிடக்கும். முச்சக்கரவண்டியும் மோட்டார்சைக்கிளும் எங்கே நிற்கும், பிள்ளையைக் கையிற் பிடித்து வரும் தாய் எங்கே நடப்பாள்? மருதமுனை நெசவாளரின் சாரனுக்கும், பெண்கள் இழைக்கும் பன்பாய்க்கும், சட்டியிலே உறைந்த எருமைத் தயிருக்கும் அங்கே இடம் உண்டா? எங்கும் கிடைக்கும் பண்டத்தையே இங்கும் விற்பதானால் வெளியூரான் எதற்காக இங்கே வருவான்?

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வினா உண்டு. புதுக்குப்புறம் எவ்வளவு? கடைவாடகையில் ஒரு பங்கை, வேறெதற்கும் எடுக்கலாகாத பொருளாக, பழுதுபார்ப்புக்கென்று ஒதுக்கும் விதி உண்டா? அதனை அட்டாளைச்சேனைப் பிரதேச சபையோ வேறெந்த அமைப்போ ஆளலாம். கணக்கை ஆண்டுக்கொருமுறை ஊரறியப் படிக்கவேண்டும். இவ்விதி இல்லாத திட்டம் எத்துணை அழகியதாயினும், திறப்புவிழா அன்றே அதன் முதுமை தொடங்கிவிட்டது என்று கொள்க.

ஆசிரியரும் மாணவரும் இலக்கிய அன்பரும் இதில் என்ன செய்யலாம் என்று எண்ணலாம். முரசறைவோன் பட்டிமண்டபத்தையும் விழாவிலே சேர்த்தான் என்பதை மறவாதிருப்போம். வாதம் செய்ய வல்லாரையும் மணல் பரப்புவாரையும் அவன் ஒரே மூச்சில் அழைத்தான். அங்காடியில் ஒரு நூற்கடை இருக்கட்டும். மாதத்தில் ஒருநாள் மாலை அங்கே கவியரங்கோ சொற்போரோ நிகழட்டும். திட்டத்தைப் பற்றிய வாதமும் வரைபடம் முடிந்த பின்னர் அன்றி, வரையும் முன்னரே நிகழட்டும். சினமும் பூசலும் இன்றி நிகழட்டும்.

கோயில் கட்டியவன் பெயரைக் கல்வெட்டு முதலிற் சொல்லும். புதுக்குப்புறம் விட்டவன் பெயர் அதன் பின்னேதான் வரும். ஆயினும் முன்னவன் கட்டிய கல் நிற்பது பின்னவன் விட்ட நிலத்தினால் என்பதை மறத்தல் ஆகாது.